கிலுங்காத வால்வு

சல்மாபாத், மூன்றாவது சந்து. ஆகஸ்ட்.
பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை
வெயிலில் வேலை செய்யக் கூடாதென்று பஹ்ரைன் சட்டம்.
எங்கள் ஷெட்டுக்குக் கூரை உண்டு, ஆகவே வேலை உண்டு.
கூரை தகரம்.

எஸ்தர் ரோஸ்லின் கொண்டுவந்தது
எண்பத்தெட்டாம் வருடத்து கிரெசிடா.
அயர்லாந்து போன இன்னொரு நர்ஸ்
நானூறு தினாருக்குத் தள்ளிவிட்டுப் போனது.
நிறம் வெள்ளை என்று முல்கியாவில் இருக்கிறது.

ஒழுகல்.
இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே.
நின்ற இடத்திலெல்லாம் கையகலக் கறுப்பு.
மூன்று கடையில் மூன்று சீல் மாற்றியாயிற்று.
சோதனை நிலையத்தில் அரபியில் ஒரு துண்டுச்சீட்டு:
எண்ணெய்க் கசிவு. தோல்வி.

குனிந்து பார்த்தேன், நிமிர்ந்தேன்,
நாற்பத்தைந்து தினார் என்றேன்.
கியர்பாக்ஸ் இறக்கணும், பின் சீல் போடணும், இரண்டு நாள்.
மனப்பாடம்.

கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.
ஊசி போட்ட நேரம் எழுதிப் பழகின கையெழுத்து.
தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயில்.
கடைசிக் கட்டத்தில் எல்லா நாளும் ஒன்றே:
'கம்பி மேலே.'
என்ன கம்பி?
'ஆயில் பார்க்கிற கம்பிதான். முஹர்ரக் பாலம் தாண்டி வந்தா
ஒரு இஞ்ச் எழும்பி நிக்குது.
நான் தினமும் அமுக்கி வைக்கிறேன்.
மூணு பேர்கிட்டயும் சொன்னேன்.
சீல்தான்னாங்க.'

நானும் அதைத்தான் சொல்லியிருந்தேன்,
அரை நிமிடம் முன்னால்.

ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தேன்.
புஸ் புஸ்ஸென்று முகத்தில் அடித்தது.
வளையம் தேய்ந்தால் கொஞ்சம் எரிந்த காற்று
பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும்.
இறங்கினது வெளியேற வேண்டும்.
ரொம்பப் பழைய வண்டிகளில் அதற்கொரு குழாய்
அடிவயிற்றிலிருந்து ரோட்டைப் பார்த்துத் தொங்கும்,
கூச்சமே இல்லாமல்.
பிறகு வந்தவற்றில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு வால்வு.
புகையை மறுபடி இழுத்து எரித்துவிடும்,
தன் ஏப்பத்தைத் தானே தின்பது மாதிரி.

பிடுங்கினேன். அதைப் பிடித்திருந்த ரப்பர்
முறுக்காக நொறுங்கி ஒரு துண்டு உள்ளே விழுந்தது.
சைக்கிள் ஸ்போக்கின் நுனியில் கிரீஸ் தடவி
அதை மீட்க ஒரு மணி நேரம்.
அந்த மணி நேரத்துக்கு நான் காசு வாங்கவில்லை.

வால்வைக் காதருகே ஆட்டினேன்.
நல்ல வால்வு கிலுங்கும்.
இது கல். உள்ளே முப்பத்தைந்து வருடத் தார்.
அவளும் வாங்கி ஆட்டினாள்,
தெர்மாமீட்டர் உதறுகிற மணிக்கட்டோடு.
'இத்தனை நாளும் இதுக்கா?'

இதற்குத்தான்.
போக வழியில்லாத காற்று
எந்த இடம் இளைத்ததோ அங்கே எண்ணெயைத் தள்ளும்.
புது சீல் என்ன செய்யும், பாவம்.

பக்கத்துக் கடை இம்தியாஸ் எட்டிப் பார்த்து
மனுசனும் இப்படித்தான் என்று உருதுவில் ஆரம்பித்தான்.
போடா, மனுசனுக்கு பார்ட் நம்பர் கிடையாது என்றேன்,
தமிழில்.

வால்வு ஒண்ணேகால் தினார். ரப்பர் முந்நூறு ஃபில்ஸ்.
ஹோஸ் அடிக்கணக்கு.
மாட்டி, ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற ஓட்டைமேல் வைக்க
ஒரு காகிதம் கேட்டேன்.
சோதனை நிலையச் சீட்டை நீட்டினாள்.
வைத்தேன். பறக்கவில்லை.
ஓட்டையோடு ஒட்டிக்கொண்டு நடுவில் லேசாகக் குழிந்தது,
தோல்வி என்ற சொல் விழுந்திருந்த இடத்தில்.
அவள் சிரிக்கவில்லை.
நோட்டைத் திறந்து நேரம் குறித்தாள்.

அவள் போன பிறகுதான்
ஏப்ரலில் வந்த நிசான் ஞாபகம் வந்தது.
டைல்ஸ் போடுகிறவர், துரைக்கண்ணு.
பின் சீல், நாற்பத்தைந்து தினார், ஐந்து தவணை.
ஒரே மாதத்தில் மறுபடி ஒழுகுது என்று வந்தவரிடம்
வண்டி பழசுண்ணே என்றேன்.
அவரும் கம்பியைப் பற்றி ஏதோ சொல்லத்தான் வந்தார்.

எண்ணைத் தேடி அடித்தேன்.
உபயோகத்தில் இல்லை என்று முதலில் அரபியில்,
அப்புறம் ஆங்கிலத்தில்.
ஐந்தாவது தவணையை
ஊருக்குக் கிளம்பின அன்று
கூட இருந்த பையன் கையில்
கவரில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்.